மார்பு எடுத்த பிறகு பிளவுஸ் தைப்பது: ஒரு தையல்காரியின் குறிப்புகள்

எந்தத் தையல் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அளவு பிளவுஸ் கொண்டுவந்திருக்கீங்களா?" வத்தலக்குண்டில் 19 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேனோ தெரியாது. 2021 ஆகஸ்டில் மதுரையில் மார்புப் புற்றுநோய்க்காக என் இடது மார்பை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்து பீரோவைத் திறந்து, என்னுடைய அளவு பிளவுஸை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் அப்படியே பொருந்தியது. இடது பக்கத் துணி உள்ளே விழுந்து மடிந்து கிடந்தது. கைக்குழித் தையல் நேராகத் தழும்பின் மேல் வந்து உரசியது. கை பாதி உயரம்தான் போனது, அதனால் கழற்றுவதற்கு மகளைக் கூப்பிட்டேன்.

கீமோ, மாத்திரை, கரண்ட் வைப்பது (ரேடியேஷன்), இதைப் பற்றியெல்லாம் ஆஸ்பத்திரியில் கேட்டால் பதில் சொன்னார்கள். என்ன உடுத்துவது என்று கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. பெரிய வியாதியில் படுத்திருப்பவள் பிளவுஸைப் பற்றிக் கேட்கலாமா என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சம் தேவையே இல்லை என்று இப்போது சொல்கிறேன். இறுக்கமான கை எலாஸ்டிக்கால் கை வீங்கலாம். முரட்டுத் துணி, கரண்ட் வைத்த தோலைப் புண்ணாக்கும். ஒரு பக்கம் மட்டும் கனம் இருந்தால் தோளும் கழுத்தும் வலிக்கும். ஆக உடுப்பும் வைத்தியத்தில் ஒரு பாகம்தான். எனக்கு நடந்ததையும், அதன் பிறகு என் கடைக்கு வந்த பெண்களுக்குத் தைத்துக் கொடுத்ததில் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். காயத்தைப் பற்றியும் கையைப் பற்றியும் முடிவு சொல்ல வேண்டியது உங்கள் டாக்டர். துணியைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்பே செய்ய வேண்டியவை

தேதி குறித்ததும் ஒரு இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முதலில் கைகள். முழங்கை மடிப்பில் இருந்து மேலே 10 சென்டிமீட்டர், கீழே 10 சென்டிமீட்டர், அப்புறம் மணிக்கட்டு. இரண்டு கையிலும் சுற்றளவு எடுத்து ஒரு நோட்டில் எழுதி, தேதி போடுங்கள். டேப்பைத் திருப்பினால் சென்டிமீட்டர் பக்கம் இருக்கும், அதில் எடுப்பது நல்லது. அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கை பின்னால் வீங்க ஆரம்பித்தால், பழைய அளவு இருந்தால்தான் அது சீக்கிரம் தெரியும். பலருக்கு இரண்டு கையும் இயல்பிலேயே ஒரே அளவாக இருப்பதில்லை. நான் முன்பே எடுத்து வைக்கவில்லை. அதனால் கை கனக்கிற மாதிரி இருக்கும்போதெல்லாம் இது வீக்கமா, எப்போதும் இப்படித்தானா என்று தெரியாமல் ஒரு வருடம் குழம்பினேன்.

அடுத்தது, நன்றாகப் பொருந்தும் ஒரு பிராவையும் ஒரு அளவு பிளவுஸையும் துவைத்துத் தனியாக எடுத்து வையுங்கள். பின்னால், எடுத்த மார்புக்குப் பதிலாக வைக்கும் பஞ்சுப் பேட் செய்யும்போது உருவத்துக்கு அதுதான் மாதிரி.

மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் இதே நாட்களில் முடித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கையில் இருந்தால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

ஆஸ்பத்திரிப் பைக்குள் தலைவழியாகப் போடும் எதையும் வைக்காதீர்கள். முன்பக்கம் முழுவதும் பட்டன் வைத்த நைட்டி நான்கு போதும். ஜிப் வைத்த நைட்டி பெரும்பாலும் வயிற்றோடு நின்றுவிடும், அது உதவாது. நான் என் வீட்டுக்காரரின் பழைய காட்டன் சட்டைகளை எடுத்துப் போனேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சட்டைகள். கை நுழைக்கும் வாய் அகலமாக இருந்ததால் காயத்தில் இருந்து வரும் டியூபோடு போடவும் கழற்றவும் சுலபமாக இருந்தது. போடும்போது ஆபரேஷன் ஆன கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். இது முக்கியம்.

டியூப் பை

ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்போது அக்குளுக்குக் கீழே இருந்து ஒன்றோ இரண்டோ ரப்பர் டியூப் வெளியே வந்து, அதன் நுனியில் ஒரு பல்ப் தொங்கும். காயத்துக்குள் சேரும் நீரை அது இழுத்து வெளியே எடுக்கும். எனக்கு இரண்டு. அதைக் கையில் பிடித்துக்கொண்டா பாத்ரூம் போவது? பக்கத்துப் படுக்கைப் பெண் அதை ஊக்கு குத்தித் தாலிச் சரட்டில் மாட்டியிருந்தாள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஊக்கு டியூபில் குத்தலாம், சரடு இழுபட்டால் டியூபும் இழுபடும்.

ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலைதான். பழைய காட்டன் லுங்கித் துணியில் 12 இன்ச் அகலமும் 16 இன்ச் நீளமும் வெட்டுங்கள். நீளத்தை இரண்டாக மடித்தால் 8 இன்ச் ஆழத்துக்கு ஒரு பை வரும். நடுவே மேலிருந்து கீழாக ஒரு தையல் போட்டால் இரண்டு பாக்கெட்டாகப் பிரியும், ஒன்றில் ஒரு பல்ப். மேல் ஓரத்தை மடித்து அதற்குள் பாவாடை நாடாவை நுழைத்து இடுப்பில் கட்டுங்கள். பல்ப் எப்போதும் டியூப் வெளியே வரும் இடத்தைவிடக் கீழே இருக்க வேண்டும், இடுப்பு சரியான உயரம். குளிக்கவும் துவைக்கவும் மாற்றிக்கொள்ள இரண்டு பை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு தலையணை மாதிரி ஒரு சின்ன மெத்தையும் தைத்து அக்குளுக்கு அடியில் வைத்துக்கொண்டால் கை உடம்பில் உரசாது. மதுரையில் இருந்து ஊருக்கு வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த மெத்தைதான் என்னைத் தாங்கியது.

காலையும் மாலையும் எத்தனை மில்லி வந்தது என்று குறித்து வையுங்கள். என் நோட்டில் முதல் நாள் 180, ஒன்பதாம் நாள் 28, பத்தாம் நாள் 20. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். நிறம் முதலில் சிவப்பு, பிறகு ரோஸ், கடைசியில் வைக்கோல் தண்ணீர் மாதிரி வெளுத்துவிடும். வெளுத்த பிறகு திடீரென்று ரத்தச் சிவப்பாக வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டியூப் எடுத்த பிறகும் எனக்கு உள்ளே நீர் கோத்துக்கொண்டது. தண்ணீர் பலூன் மாதிரி தளும்பியது, பயந்துவிட்டேன். ஊசி போட்டு இரண்டு முறை எடுத்தார்கள், சரியாகிவிட்டது. பலருக்கும் வருவதுதான் என்று டாக்டர் சொன்னார்.

கை மேலே போனால்தான் பிளவுஸ்

பிளவுஸ் தைப்பதற்கு முன்னால் கையைத் தயார் செய்ய வேண்டும். முதல் நாளே விரலை மூடித் திறப்பதும், முழங்கையை மடக்கி நீட்டுவதும் செய்யச் சொன்னார்கள். டியூப் எடுத்த பிறகு பிசியோதெரபி அம்மா சுவரில் விரல் நடக்கும் பயிற்சியைக் காட்டினார். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் பல்லி ஏறுகிற மாதிரி மேலே மேலே போக வேண்டும். வலிக்கிற இடம் வந்ததும் பத்து எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக இறங்க வேண்டும். நான் கடைச் சுவரில் மார்க்கிங் சாக்பீஸால் தினமும் கோடு போட்டுத் தேதி எழுதினேன். முதல் கோடு என் மூக்கு உயரம். நாற்பது நாளில் தலைக்கு மேல் ஒரு சாண் போய்விட்டது. சில வாரங்கள் கோடு நகரவே நகராது, அப்போதும் விடாதீர்கள். கரண்ட் வைக்கும்போது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து அசையாமல் படுக்க வேண்டும், கை உயராவிட்டால் அங்கே பெரும் சிரமம்.

என்னைப் போல ஊசியோடும் கத்தரியோடும் பிழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபரேஷன் ஆன பக்கம் மார்பிலும் மேல் கையின் உட்புறத்திலும் மரத்துப்போய் இருக்கும். ஊக்கு குத்தினால்கூடத் தெரியாது. அயர்ன் பாக்ஸ் பட்டால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அந்தக் கையில் சின்னக் காயத்தில் கிருமி புகுந்தாலும் கை வீங்க வழி உண்டு. நான் இப்போது இடது விரல்களில் தொப்பி மாட்டித்தான் கை வேலை செய்கிறேன். ஊசி குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அந்தக் கையில் ரத்தம் எடுக்க, பிரஷர் பார்க்க வந்தால் ஆபரேஷன் ஆன கை என்று சொல்லுங்கள், மறு கையில் பார்ப்பார்கள்.

மாதம் ஒரு முறை கை அளவு எடுங்கள். இரண்டு கைக்கும் உள்ள வித்தியாசம் முன்பு இருந்ததைவிட 2 சென்டிமீட்டர் கூடினால், அல்லது மோதிரமும் வளையலும் திடீரென்று இறுகினால், டாக்டரிடம் காட்டுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் காத்திருக்கவே கூடாது. வீக்கத்துக்கு மணிக்கட்டில் இருந்து மேல் கை வரை போடும் இறுக்கமான உறையைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி தைச்சுக் குடுங்க" என்று என்னிடம் இரண்டு பேர் வந்தார்கள். தைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது மணிக்கட்டில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி அளவெடுத்துச் செய்வது. சாதாரண எலாஸ்டிக் துணியில் தைத்தால் நடுவில் எங்கேயாவது இறுக்கி, வீக்கத்தை இன்னும் கூட்டும்.

பஞ்சுப் பேட்

பேட் வைத்தே ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். வீட்டில் நான் வைப்பதில்லை. கடையில் வைக்கிறேன், ஏனென்றால் அது இல்லாமல் பிளவுஸ் ஒரு பக்கம் இழுத்து, சாயங்காலம் வலது தோள் வலிக்கிறது. என்னிடம் வரும் ஒரு டீச்சர் அம்மா ஒருநாளும் வைத்ததில்லை, இடது பக்கம் தட்டையாகவே அளவெடுத்துத் தைத்துக்கொள்கிறார். அவர் வகுப்பில் நிற்கும் அழகே தனி. மார்பை மறுபடி உருவாக்கும் ஆபரேஷனும் உண்டு, அதைப் பற்றி டாக்டரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு பெரிய கடையில் சிலிக்கான் பேட் கேட்டுப் போனேன். விற்பனைப் பையன் அத்தனை பேருக்கு நடுவில் மேஜை மேல் நான்கைந்தை எடுத்துப் போட்டு, சத்தமாக அளவு கேட்டான். வாங்காமல் வந்துவிட்டேன். அன்று இரவுதான் முதல் பேட் தைத்தேன்.

காயம் நன்றாக ஆறி, தையல் பிரித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் எதுவும் வைக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் கனமே இல்லாத பஞ்சு மட்டும். எடுத்து வைத்த பிராவின் கப்பைக் காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்து, சுற்றிலும் அரை இன்ச் தையலுக்கு விட்டு வெட்டுங்கள். அதுதான் பின் துண்டு, தட்டையாக இருக்கும். முன் துண்டை அதைவிட ஒன்றரை இன்ச் பெரிதாக வெட்டி, கீழ்ப் பக்கம் இரண்டு டாட் (உருவம் வரத் துணியை மடித்துப் போடும் தையல்) பிடித்தால் குவிந்து வரும். துணி பனியன் துணியாகவோ மல் துணியாகவோ இருக்கட்டும். உடம்பில் படும் பின் பக்கத்தில் தையல் முடிச்சு எதுவும் வரக்கூடாது. உள்ளே பொம்மைகளில் வைக்கும் பாலியஸ்டர் பஞ்சு. இலவம் பஞ்சு வேண்டாம், துவைத்தால் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். பஞ்சைக் கீழ்ப் பாதியில் அதிகமாகவும் மேலே மெல்லியதாகவும் பரப்புங்கள். உருண்டையாக அடைத்தால் பந்து மாதிரி நிற்கும், இயல்பாக இருக்காது.

பஞ்சுப் பேடில் ஒரு சிக்கல் உண்டு. கனம் இல்லாததால் கையைத் தூக்கினால் அந்தப் பக்கம் பிரா மேலே ஏறிவிடும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, பிராவின் கீழ்ப் பட்டியில் இருந்து ஒரு எலாஸ்டிக் துண்டை இறக்கி, நுனியில் ஹூக் வைத்துப் பாவாடை நாடாப் பட்டியில் மாட்டுவது. எனக்கு இது போதுமாக இருந்தது. இன்னொன்று, கனம் சேர்ப்பது. எவ்வளவு கனம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். அகலமான சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, அதை ஒரு தாம்பாளத்தில் வையுங்கள். குனிந்து இருக்கிற மார்பைத் தண்ணீருக்குள் முழுக்க விடுங்கள். தாம்பாளத்தில் வழிந்த தண்ணீரை அளந்தால் எத்தனை மில்லியோ, ஏறக்குறைய அத்தனை கிராம். எனக்கு 420 வந்தது. முழுக் கனமும் வேண்டியதில்லை. 100 கிராமில் ஆரம்பித்து, மாதா மாதம் கூட்டி, 250 வந்ததும் தோள் வலி நின்றது, அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

கனத்துக்கு நான் வைப்பது கேழ்வரகு. வாணலியில் லேசாக வறுத்து ஆறவைத்து, நெருக்கமாக நெய்த துணியில் சின்னப் பையாகத் தைத்து, பேடுக்குள் பஞ்சுக்குப் பின்னால் வைக்கிறேன். அந்தப் பை கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும், பேடைத் துவைக்கும் முன் எடுத்துவிட வேண்டும். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், இல்லாவிட்டால் புழு வைக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை தானியத்தை மாற்றிவிடுங்கள். கடுகும் வைத்துப் பார்த்தேன், நன்றாகவே படிந்து உட்காருகிறது, விலைதான் கூடுதல்.

வாங்க வசதி இருந்தால், எல்லா வைத்தியமும் முடிந்து தோல் நன்றாக ஆறிய பிறகு சிலிக்கான் வாங்குங்கள், அசைவும் கனமும் இயல்பாக இருக்கும். ஆனால் ஊக்கு பட்டால் போச்சு. நம் ஊர் வெயிலில் அடியில் வியர்த்துக் கொட்டும். தினமும் மென்மையான சோப்பில் கழுவித் துடைத்து, மேலே ஒரு காட்டன் உறை போட்டு வையுங்கள்.

சாதாரணப் பிராவிலேயே பை தைக்கலாம். கம்பி வைத்தது வேண்டாம், தோள் பட்டி அகலமானதாக இருக்கட்டும். கப்பின் உள்பக்கம் பனியன் துணியை வைத்து, கீழேயும் இரண்டு ஓரத்திலும் தைத்து, அக்குள் பக்கம் மேலே மூன்று விரல் நுழையும் வாய் மட்டும் விட்டுவிடுங்கள். பேட் உள்ளே போனால் குனிந்தாலும் வெளியே வராது.

கரண்ட் வைக்கும் நாட்களில்

எனக்கு மூன்று வாரம், 15 சிட்டிங். அந்த நாட்களில் பிராவும் வேண்டாம், பேடும் வேண்டாம். பழைய மல் துணியில் தளர்வாக, கை இல்லாமல், முன்னால் நாடா கட்டுகிற மாதிரி மூன்று உள்சட்டை தைத்துக்கொண்டேன். கஞ்சி போட்ட துணி ஆகாது. உடம்பில் போட்ட மார்க் அழியக்கூடாது, அந்த மை துணியில் ஒட்டும், அதனால் நல்ல துணியைப் போடாதீர்கள். பவுடர், சென்ட் இரண்டும் கூடாது. களிம்புகூட அவர்கள் சொன்னதைத்தான் தடவ வேண்டும். முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகுதான் எனக்குத் தோல் அதிகம் கறுத்து எரிந்தது. கடைசி சிட்டிங்குக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் வரை அது கூடும், அப்புறம் மெல்ல அடங்கும். அவசரப்பட்டுப் பிரா போட்டுவிடாதீர்கள்.

கீமோவில் முடி கொட்டும்போது தலைக்குக் கட்ட வழுவழுப்பான துணி நிற்காது. பழைய டி-சர்ட்டின் உடல் பாகத்தை வெட்டி ஒரு பக்கம் தைத்தால் நல்ல குல்லா. தையல் ஓரம் வெளிப்பக்கம் இருக்கட்டும், அப்போதைக்குத் தலைத் தோல் ரொம்ப மென்மையாக இருக்கும்.

பிளவுஸ்

முதல் பிளவுஸுக்குப் பட்டுத் துணியை வெட்டாதீர்கள். கீமோ சமயத்தில் எனக்கு ஆறு கிலோ கூடியது, பிறகு குறைந்தது. நான் சொல்வது, கரண்ட் முடிந்து மூன்று மாதம் கழித்து எடுக்கும் அளவுதான் உங்கள் புது அளவு. அதுவரை விலை குறைந்த காட்டன், பக்கத் தையலில் இரண்டு இன்ச் துணி உள்ளே விட்டது.

அளவெடுக்கும்போது, வெளியே போகையில் எதைப் போடுவீர்களோ அந்தப் பிராவும் பேடும் போட்டு நில்லுங்கள். முன் பாகத்தை ஒரே அளவாக எடுத்து இரண்டாக மடித்து வெட்டும் வழக்கம் இங்கே உதவாது. நடு ஹூக் பட்டியில் இருந்து வலப்பக்கம் தனியாக, இடப்பக்கம் தனியாக எடுங்கள். தோளில் இருந்து மார்பு முனை வரை உள்ள அளவையும் இரண்டு பக்கமும் எடுங்கள். பேட் வைக்காதவர்களுக்கு அந்தப் பக்கம் டாட்டே பிடிக்க வேண்டாம், டாட் அளவுத் துணியைப் பக்கத் தையலில் குறைத்துவிட்டால் தட்டையாகப் படியும்.

மூன்று இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது முன் கழுத்து. மார்பு எடுத்த பிறகு கழுத்தெலும்புக்குக் கீழே பள்ளம் விழும். பழைய கழுத்து அளவைவிட ஒரு இன்ச்சாவது மேலே ஏற்றுங்கள். குனியும்போது கழுத்து பிளந்து நிற்காமல் இருக்க, கழுத்துப் பட்டிக்குள் மெல்லிய எலாஸ்டிக் நூலை இழுக்காமல் ஓட்டுங்கள். ஆழமான கழுத்து வேண்டுமானால் பின்னால் வையுங்கள், அதற்குத் தடையே இல்லை.

இரண்டாவது கைக்குழி. தழும்பு பெரும்பாலும் அக்குள் வரை நீளும், அதன் ஓரத்தில் பலருக்குக் கொஞ்சம் சதை மடிந்து தொங்கும். கைக்குழி இறக்கமாக இருந்தால் அந்தச் சதை வெளியே தள்ளிக்கொண்டு தெரியும், ரொம்ப ஏற்றினால் தழும்பை அறுக்கும். உட்கார்ந்து, கையை இயல்பாகத் தொங்கவிட்டு, தழும்பின் முனை எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். தையல் அதற்கு அரை இன்ச் தள்ளிப் போகட்டும். அந்த இடத்தில் லைனிங்கை வெட்டின ஓரமாக விடாமல் மடித்து, மல் துணிப் பட்டி கொடுத்து மூடிவிடுங்கள்.

மூன்றாவது பிளவுஸின் கை. வழக்கமான அளவில் இருந்து ஒரு இன்ச் சுற்றளவு கூட்டுங்கள். பஃப் கையில் எலாஸ்டிக் வைப்பது, கை ஓரத்தை இறுக்கிப் பிடிப்பது இரண்டும் கூடவே கூடாது. சாயங்காலம் கழற்றும்போது தோலில் தடம் தெரிந்தால் அந்தக் கையை உடனே பிரித்து விடுங்கள்.

லைனிங் காட்டனாகவே இருக்கட்டும். என்னைப் போல டாமாக்சிஃபென் (புற்றுநோய் திரும்ப வராமல் இருக்கக் கொடுப்பது) மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது நன்றாகவே புரியும். திடீரென்று நெஞ்சில் இருந்து தலை வரை சூடு ஏறி வியர்த்து ஊற்றும். இந்த மாத்திரை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். பாலியஸ்டர் லைனிங்கோடு அத்தனை காலம் போராட முடியாது.

சேலை கட்டும்போது, நமக்கு முந்தானை இடது தோளில் போகிறது. வலப்பக்க மார்பை அது சுற்றி மூடிவிடும். இடது பக்கவாட்டில் நின்று பார்ப்பவர்களுக்கோ பிளவுஸ் முழுதும் தெரியும். அதனால் இடது பக்கம் ஆபரேஷன் ஆனவர்கள் முந்தானையை ஒடுக்கமாக மடிப்பு வைத்துக் குத்தாமல், விரித்துத் தோளின் ஓரத்தில் குத்துங்கள். கீழ் ஓரம் கை மேல் விழுந்து மறைத்துக்கொள்ளும். ஊக்கைப் பிளவுஸின் தோள் தையலில், விரலை உள்ளே வைத்துக்கொண்டு குத்துங்கள், அந்த இடத்தில் தோல் மரத்திருக்கும். ஜரிகை கனமான பட்டுப்புடவையின் முந்தானை முழுவதும் அந்தத் தோளில்தான் இறங்கும், நாள் முழுக்கக் கட்டியிருக்க வேண்டிய கல்யாணத்துக்கு மென்பட்டு நல்லது.

தையல் கடைக்காரர்களுக்கு

உங்களிடம் இப்படி ஒருவர் வந்தால் கடையில் ஆள் இல்லாத நேரத்தைச் சொல்லி வரவழையுங்கள். மதியம் இரண்டு மணி எனக்குத் தோதான நேரம். திரையைப் போட்டுவிட்டு, அவர்கள் பக்கவாட்டில் நின்று அளவெடுங்கள். டேப்பின் நுனியை அவர்கள் கையிலேயே கொடுத்து, "இங்க பிடிச்சுக்கங்க அக்கா" என்றால் போதும், நீங்கள் தொடவே வேண்டாம். எப்படி வந்தது, யாருக்கு இருந்தது என்று கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள், அப்போது டேப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். அளவு நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் வியாதியை எழுதாதீர்கள். கடைப் பிள்ளைகள் பார்க்கிற நோட்டு அது. நான் "இ-வ தனி" என்று மட்டும் எழுதுவேன், இடது வலது தனி அளவு என்று எனக்குப் புரியும்.

சில நேரம் துணையாக வந்த மகளோ தங்கையோ, "எனக்கும் இங்க ஏதோ கட்டி மாதிரி இருக்கு, தொட்டுப் பாருங்களேன்" என்று கேட்பதுண்டு. தொட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்று நான் சொல்வதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்புப் பரிசோதனை இலவசமாகவே செய்கிறார்கள். அதற்குக் குறைந்த வயது என்றாலும் கட்டி தெரிந்தால் காட்டத்தான் வேண்டும். நாள் தள்ளிப்போடாமல் அனுப்பிவையுங்கள். ஆபரேஷன் ஆனவர்களிடமும் மறு பக்கத்து மார்பை மாதா மாதம் பார்த்துக்கொள்கிறீர்களா, வருட மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) எடுத்தாயிற்றா என்று நான் கேட்டுவிடுவேன்.

அளவெடுக்கப் போகும்போது கொண்டுபோக வேண்டியவை இவ்வளவுதான்: போடப்போகும் பிரா, பேட், தழும்பில் உரசாத ஏதாவது ஒரு பழைய பிளவுஸ், கை அளவு எழுதிய நோட்டு. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இன்னொரு பேடும் ஒரு சின்னத் துணிப்பையும் எடுத்துப் போங்கள். ராத்திரி மண்டபத்தில் எல்லோரும் வரிசையாகப் படுக்கும்போது பேடைக் கழற்றி அந்தப் பையில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். தூங்கும்போது அது வேண்டாம், தோலுக்குக் காற்றுப் பட வேண்டும். என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நிலக்கோட்டை போனபோது நான் அப்படித்தான் செய்தேன். விடிகாலை நாலு மணிக்கு இருட்டில் தேடாமல் எடுத்துப் போட்டுக்கொள்ள, அந்தப் பையின் வாயில் ஒரு பெரிய பட்டன் வைத்துத் தைத்திருக்கிறேன், கை பட்டாலே தெரியும்.